காரின் ஆசனத்தை மாற்றுவோர் கவனத்திற்கு

பெங்களூரு ஜே.சி. ரோட்டை அறியாத கார் சொந்தக்காரர் இந்நகரில் இருப்பது அரிது. சீட் உறை, தரை விரிப்பு, ஒலிபெருக்கி, விளக்கு, ஸ்டியரிங் உறை என்று காருக்கு வேண்டியதும் வேண்டாததும் அந்த ஒரே வீதியில் கிடைக்கும். கடை வாசலிலேயே கார்க் கதவுகளைத் திறந்துபோட்டு வேலை நடக்கும். கன்னடமும் உருதும் தமிழும் கலந்து ஒலிக்கும் வீதி அது.

அத்தகைய ஒரு கடை வாசலில் எந்தச் சனிக்கிழமையும் நடக்கக்கூடிய ஒரு காட்சியை எண்ணிப் பார்க்கலாம். இரண்டே கதவுகள் கொண்ட, தரையோடு தாழ்ந்த ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்து நிற்கிறது. கைமாற்றில் வாங்கிய வண்டி. முன் ஆசனங்கள் இரண்டையும் கழற்றிவிட்டு, பந்தயக் கார்களில் உள்ளதுபோல் தோளையும் இடுப்பையும் அணைத்துப் பிடிக்கும் சிவப்பு ஆசனங்களைப் பொருத்த வேண்டும் என்கிறார் அதிலிருந்து இறங்கும் இளைஞர். அரை நாளில் வேலை முடிகிறது. சாவியைத் திருப்பினால், மீட்டர் பலகையில் ஏர்பேக் விளக்கு எரிகிறது, அணைய மறுக்கிறது.

"இந்த லைட்டை நிறுத்த முடியாதா அண்ணா?" என்று கேட்கிறார் இளைஞர்.

"முடியும் சார். சின்னதா ஒரு ரெசிஸ்டர் போட்டா அணைஞ்சிடும்" என்கிறார் கையைத் துடைத்துக்கொண்டே மெக்கானிக்.

சில ரூபாய் பெறுமானமுள்ள ஒரு சிறு பொருள் கம்பிகளுக்கிடையே செருகப்படுகிறது. விளக்கு அணைகிறது. இளைஞருக்கு மகிழ்ச்சி, கடைக்காரருக்குக் காசு, தொழிலாளிக்குக் கூலி. யாருக்கும் குறையில்லை என்றே தோன்றும். ஆனால் அந்த ஒரு நிமிட வேலையில் ஒரு பொய் அந்தக் காருக்குள் குடியேறிவிட்டது. அதன் விலையைக் கொடுக்கப்போகிறவர் அந்த இளைஞராக இருக்கலாம். ஐந்தாண்டு கழித்து அதே காரை வாங்கப்போகும் வேறொருவராகவும் இருக்கலாம்.

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர் பாடு அவரோடு, மாதச் சம்பளக்காரருக்கும் கூலிக்காரருக்கும் இதில் என்ன வந்தது என்று கேட்பது இயல்பு. அந்த ஆசனத்தைக் கழற்றி மாட்டுவது கூலிக்காரரின் கைதான். முதலாளியின் காரை ஓட்டிச் செல்லும் டிரைவர் உட்காருவதும் அதே ஆசனத்தில்தான். நாலைந்து ஆண்டு சேமிப்பைப் போட்டுப் பழைய கார் வாங்குகிற குமாஸ்தா, முன்பிருந்தவர் செய்துவைத்ததையெல்லாம் சேர்த்தேதான் வாங்குகிறார். ஆகவே இது பணக்காரப் பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடக்கூடிய செய்தியல்ல.

ஆசை தவறல்ல

ஆசனத்தை மாற்ற விரும்புவதே தவறு என்று சொல்வதற்கில்லை. அதற்கு நியாயமான காரணங்கள் உண்டு. வளைவில் வேகமாகத் திரும்பும்போது உடம்பு ஒரு பக்கமாகச் சரியும். சாதாரண ஆசனத்தில் ஓட்டுபவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே தம்மை நிலைநிறுத்த வேண்டியிருக்கும். இரு பக்கமும் உயர்ந்த ஆசனம் உடம்பைத் தாங்கிக்கொள்வதால் கைகள் தம் வேலையை மட்டும் பார்க்கலாம். எடையும் குறையும். மோட்டார், சூடேற்றி, தண்டவாளம் எல்லாம் கொண்ட ஆசனத்தைவிட, சாய்க்க முடியாத பந்தய ஆசனம் மிக இலேசானது.

இந்தத் தொழிலுக்கு நீண்ட வரலாறும் உண்டு. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் 1906-இல் தொடங்கிய ராய்ட்டர் என்னும் கார் உடல் கட்டும் பட்டறை, போர்ஷே கார்களுக்கு உடல் கட்டித் தந்து பெயர் பெற்றது. 1963-இல் ரெகாரோ என்ற புதுப் பெயரில் ஆசனத் தொழிலுக்கு மாறி, 1965-இல் பிராங்க்பர்ட் கார் கண்காட்சியில் தன் ஸ்போர்ட்ஸ் ஆசனத்தைக் காட்டியது. பழைய ஆசனத்தைக் கழற்றி நல்லதொன்றை மாட்டிக்கொள்ளும் பழக்கம் பரவ அது பெரிதும் காரணமாயிற்று.

ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1989-இல் வெளியிட்ட எம்.எக்ஸ்-5 என்னும் இரண்டு பேர் அமரும் சிறு கார் இன்னொரு உதாரணம். 2016-இல் பத்து லட்சமாவது கார் வெளிவரும் அளவுக்கு அது விற்றது. உயரமானவர் அதில் அமர்ந்தால் தலை கூரையைத் தொடும். முழங்கால் ஸ்டியரிங்கை இடிக்கும். எனவே பலர் ஆசனத்திலுள்ள ஸ்பாஞ்சைச் செதுக்கிக் குறைத்தார்கள். சிலர் மெல்லிய ஆசனங்களாகவே மாற்றிக்கொண்டார்கள். ஓட்டுபவர் உடம்புக்குப் பொருந்தாத ஆசனமும் ஆபத்தானதுதான். ஆகவே மாற்றலாமா கூடாதா என்பதைவிட, எதை இழந்து எதைப் பெறுகிறோம் என்று அறிந்து மாற்றுகிறார்களா என்பதே கேட்கவேண்டிய கேள்வி.

ஆசனத்துக்குள் இருப்பவை

ஒரு காலத்தில் கார் ஆசனம் என்பது ஸ்பிரிங், தேங்காய் நார், மேலே ரெக்சின், அவ்வளவுதான். கட்டில் மெத்தை தைக்கத் தெரிந்தவர் கார் ஆசனமும் தைத்துவிடுவார். அந்தக் காலம் போய் வெகுநாளாயிற்று.

1959-இல் ஸ்வீடனின் வால்வோ நிறுவனத்தில் நில்ஸ் போலின் என்ற பொறியாளர் மார்பையும் இடுப்பையும் சேர்த்துப் பிடிக்கும் மூன்று முனை சீட் பெல்ட்டை உருவாக்கினார். 1969 தொடக்கம் முதல் அமெரிக்காவில் புதுக் கார்களின் முன் ஆசனங்களில் தலைத்தாங்கி கட்டாயமாயிற்று. பின்னால் வந்து வேறு வண்டி மோதும்போது கழுத்து முறியாமல் காப்பதற்காகவே அது வைக்கப்பட்டது. தூங்குவதற்கான தலையணை என்று பலர் நினைப்பது பிழை. 1994-இல் வால்வோ 850 காரில், பக்கவாட்டில் மோதல் ஏற்பட்டால் விரியும் ஏர்பேக் ஆசனத்தின் முதுகுப் பகுதிக்குள்ளேயே வைக்கப்பட்டது. 1998-இல் பின்மோதலின்போது தானே பின்னுக்கு நகர்ந்து கழுத்தைக் காக்கும் ஆசனம் வந்தது.

இன்றைய கார் ஒன்றின் முன் ஆசனத்தில் இவற்றோடு இன்னும் சிலவும் இருக்கும். மோதிய கணத்தில் பெல்ட்டை இறுக்கும் சாதனம் பல கார்களில் உண்டு; சிறு வெடிமருந்தின் விசையில் இயங்குவது அது. பக்கத்து ஆசனத்தில் ஆள் இருக்கிறாரா என்று அறியும் உணர்கருவி மெத்தைக்கு அடியில் இருக்கும். பெல்ட்டின் கொக்கி பெரும்பாலான கார்களில் தரையில் இல்லாமல் ஆசனத்தின் சட்டத்திலேயே பிணைக்கப்பட்டிருக்கும். ஆசனத்தைக் கழற்றி வெளியே வைக்கும்போது இவை அனைத்தும் சேர்ந்து வெளியே போகின்றன. உள்ளே வரும் புது ஆசனத்தில் இவற்றுள் எத்தனை இருக்கின்றன என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஆசனத்துக்கு அடியில் மஞ்சள் நிற இணைப்பானைப் பார்த்தாலே தொழிலாளி கையை எடுத்துவிட வேண்டும். ஏர்பேக்குக்கும் பெல்ட் இறுக்கிக்கும் போகும் கம்பிகளுக்கு அந்த நிறத்தை வைப்பது கார் செய்வோர் வழக்கம். பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு, அந்தக் காரின் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பின்னரே அதைத் தொடவேண்டும். அவசரப்பட்டால் வெடிப்பது பட்டறையிலேயே வெடிக்கும். அப்போது அடிபடுபவர் குனிந்து வேலை செய்யும் தொழிலாளிதான்.

நான்கு போல்ட்டுகளின் பொறுப்பு

ஆசனத்தைத் தரையோடு பிடித்து வைத்திருப்பவை பெரும்பாலும் நான்கே போல்ட்டுகள். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் சுவரில் மோதுவது, ஏறக்குறைய மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அந்தக் கணத்தில் ஒவ்வொரு பொருளும் தன் எடையைப்போல் பல மடங்கு விசையோடு முன்னே பாயும். அதனால்தான் ஆசனம் தன் எடையைப்போல் 20 மடங்கு விசையைத் தாங்க வேண்டும் என்று அமெரிக்க விதி கூறுகிறது. 25 கிலோ ஆசனம் என்றால் அரை டன். பெல்ட்டின் கொக்கி ஆசனத்திலேயே இருந்தால், அமர்ந்திருப்பவரின் பாரமும் அதனோடு சேர்ந்து அதே நான்கு போல்ட்டுகளை இழுக்கும்.

இதை நினைவில் வைத்துக்கொண்டு சில பட்டறைகளில் நடப்பதைப் பார்த்தால் நெஞ்சு பதறும். புது ஆசனத்தின் துளை காரின் துளையோடு ஒத்துவராது. அந்தக் காருக்கென்றே செய்த தாங்கியை வாங்கினால் செலவு. ஆகவே கையிலிருக்கும் இரும்புப் பட்டையை வெட்டி வெல்டிங் வைப்பார்கள். உயரம் போதவில்லையென்றால் வாஷர்களை அடுக்குவார்கள். அதுவும் முடியாவிட்டால் தரைத் தகட்டிலேயே புதுத் துளை போடுவார்கள். கார்த் தரை மெல்லிய தகடு. அடியில் கனத்த தகடு வைத்துப் பிடிக்காவிட்டால், மோதலில் போல்ட் அந்தத் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். முதலில் கழற்றிய போல்ட் காணாமற்போனால் சாதாரண இரும்புக்கடை போல்ட் அந்த இடத்தில் ஏறும். போல்ட்டின் தலையில் 8.8 என்றோ 10.9 என்றோ பொறித்திருக்கும் எண் அதன் வலிமையைக் குறிப்பது. அந்த எண் இல்லாத போல்ட்டை அந்த இடத்தில் வைப்பது குடும்பத்தையே நூலில் கட்டித் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும்.

இன்னொன்றும் உண்டு. பெல்ட்டின் கீழ்ப்பகுதி இடுப்பெலும்பின்மேல் படிந்திருக்க வேண்டும். பந்தய ஆசனத்தின் உயர்ந்த பக்கச் சுவர்கள் அதைத் தூக்கிவிட்டால் பெல்ட் வயிற்றின்மேல் ஏறி நிற்கும். எலும்பு தாங்கவேண்டிய அடியைக் குடல் தாங்க நேரிடும்.

பந்தயத் திடலும் நகர வீதியும்

பந்தயக் கார்களில் இத்தகைய ஆசனங்கள்தானே இருக்கின்றன, அவர்கள் பத்திரமாக இல்லையா என்று இளைஞர்கள் வாதிடுவது உண்டு. 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான கோவை நாராயண் கார்த்திகேயனைச் சுட்டிக் காட்டுவோரும் உண்டு. அந்தப் பந்தயங்களில் ஆசனம் ஓட்டுபவரின் உடம்புக்கென்றே வார்த்துச் செய்யப்படுகிறது. அவரைச் சுற்றி வலுவான கூடு இருக்கிறது, தலையில் கவசம், அது தோளோடு பிணைக்கப்பட்டிருக்கிறது, உடம்பைப் பல முனைப் பட்டைகள் கட்டுகின்றன. ஆசனம் அந்த ஏற்பாட்டில் ஓர் அங்கம் மட்டுமே.

உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பின் விதிகள் ஆசனத்துக்கு நான்கு பொருத்துமிடங்கள், 8 மில்லிமீட்டருக்குக் குறையாத போல்ட்டுகள், இரும்பானால் 3 மில்லிமீட்டர் கனமுள்ள தாங்கு தகடுகள் வேண்டும் என்று அளவு சொல்லி வைத்திருக்கின்றன. பந்தய ஆசனங்களுக்கு அது வகுத்த 1999-ஆம் ஆண்டுத் தரத்தின்படி, ஆசனத்தின் ஆயுளே தயாரித்த நாளிலிருந்து சாதாரணமாக ஐந்தாண்டுதான். இருங்காட்டுக்கோட்டையிலோ கோவை கரி மோட்டார் ஸ்பீடுவேயிலோ போட்டியில் இறங்கும் கார், பரிசோதகர் கண்ணைத் தாண்டித்தான் ஓடுதளத்துக்குள் நுழைய முடியும்.

நகர வீதியில் ஓடும் காருக்குக் கூடும் இல்லை, கவசமும் இல்லை, பரிசோதகரும் இல்லை. பந்தயத்தின் தோற்றத்தை மட்டும் கடன் வாங்கி, அதன் கட்டுப்பாடுகளை வாசலிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். பேர்பெற்ற நிறுவனங்களின் பெயரைத் தைத்த போலி ஆசனங்களும் சந்தையில் வந்து குவிகின்றன. எழுத்துத் தையல் அச்சு அசலாக இருக்கும். உள்ளே இருக்கும் குழாயின் வலிமையை யார் சோதித்தார்?

அடுத்து வாங்குபவர் கதி

மீண்டும் அந்த விளக்குக்கு வருவோம். கார் கிளப்பும்போது ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைந்தால், எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். எரிந்துகொண்டே இருந்தால் ஏதோ குறை. ரெசிஸ்டர் வைப்பது குறையைத் தீர்ப்பதாகாது. ஏர்பேக் இருப்பதாகக் காரையே ஏமாற்றுவது அது.

அந்த இளைஞருக்காவது தம் காரில் பக்கவாட்டு ஏர்பேக் இல்லை என்று தெரியும். அவர் விற்கும்போது இதைச் சொல்வாரா? பழைய ஆசனங்களையே திரும்ப மாட்டி, கம்பியில் ரெசிஸ்டரை அப்படியே விட்டு விற்பவரும் இருக்கலாம். தரகர் கைக்குப் போய், அங்கிருந்து ஒரு குடும்பத்துக்குப் போகும் கார் அது. வாங்குகிறவர் சாவியைத் திருப்பிப் பார்க்கிறார். விளக்கு ஒழுங்காக எரிந்து அணைகிறது. திருப்தியோடு மனைவியைப் பக்கத்தில் உட்கார வைத்து ஓசூர் வழியாக ஊருக்குப் புறப்படுகிறார். விளக்கு தம்மிடம் பொய் சொன்னது அவருக்குத் தெரியவே தெரியாது.

ஸ்போர்ட்ஸ் கார் வேண்டாம், சாதாரணச் சின்னக் காரையே எடுத்துக்கொள்ளலாம். பக்கவாட்டு ஏர்பேக் இப்போது சிறு கார்களுக்கும் வந்துவிட்டது. ஆசனத்தின் ஓரத்தில் 'எஸ்.ஆர்.எஸ். ஏர்பேக்' என்ற சிறு பட்டை தைத்திருந்தால் அது அந்தத் தையலைப் பிளந்துகொண்டு வெளிவரும் என்று அர்த்தம். அதன்மேல் கனத்த ரெக்சின் உறையை இறுக்கி மாட்டிவிட்டால், கண் இமைப்பதற்குள் விரிய வேண்டியது வழியில்லாமல் தடுமாறும். கார் வாங்கியபோது இலவசமாகக் கிடைத்த உறையே உயிருக்கு உலையாக அமையலாம். பக்கம் திறந்திருக்கும் வகை உறை இருக்கிறது. கேட்டு வாங்க வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றிலிருந்து மாறும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தின் 182-ஏ பிரிவு, அனுமதியில்லாத வகையில் வண்டியை மாற்றும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் என்று விதித்திருக்கிறது. ஆசன எண்ணிக்கை பதிவுச் சான்றில் உள்ள விவரம். பின்னிருக்கையைக் கழற்றி எறிந்தால் நேரடியாகவே சிக்கல். எண்ணிக்கை மாறாமல் ஆசனத்தை மட்டும் மாற்றினால் என்ன என்பது வாதத்துக்கு இடமானது. ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் சொல்லாமல் செய்த மாற்றம், விபத்துக்குப்பின் இழப்பீடு கேட்கும் நாளில் தகராறாக வந்து நிற்கக்கூடும்.

சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை வேறு. ஆட்டோவும் டாக்சியும் லாரியும் குறித்த காலத்தில் எஃப்.சி. காட்டியே ஆகவேண்டும், ஒரு விளக்கு எரியாவிட்டாலும் டிரைவர் நாள் முழுதும் காத்துக் கிடக்க வேண்டும். சொந்தக் காருக்கோ முதல் பதிவே 15 ஆண்டு செல்லும். அதுவரை அதன் ஆசனத்தை யார் எப்படி மாற்றினார் என்று பார்ப்பதற்கு எந்த அதிகாரியும் இல்லை. வயிற்றுப் பிழைப்புக்கு ஓட்டுபவருக்கு ஒரு நீதி, சொகுசுக்கு ஓட்டுபவருக்கு ஒரு நீதியா?

ஜெர்மனியில் இத்தகைய மாற்றுப் பாகத்துக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பரிசோதகர் பார்த்து வண்டியின் தாள்களில் பதிய வேண்டும். ஜப்பானில் கால முறைப்படி நடக்கும் வண்டிச் சோதனையில், மாற்றிய ஆசனத்தின் வலிமைக்குச் சான்று காட்ட வேண்டியிருக்கிறது. இந்தியாவிலும் இத்தகைய ஏற்பாடு வருவதே முறை. முழுத் தடையினால் பயனில்லை; தடை செய்தால் வேலை மறைவில் நடக்கும், அவ்வளவே. தரச் சான்று பெற்ற ஆசனமும், அந்தந்தக் காருக்கென்றே செய்த தாங்கியும், பொருத்திய பின் ஒரு பரிசோதனையும் போதும்.

செய்ய வேண்டியவை

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆசனம் மாற்ற விரும்புகிறவர் நான்கு கேள்விகளைக் கேட்டாலே பாதி ஆபத்து நீங்கும். கழற்றும் ஆசனத்தில் ஏர்பேக் இருக்கிறதா? பெல்ட்டின் கொக்கி எதில் பிணைத்திருக்கிறது? புதுத் தாங்கி இந்தக் காருக்கென்றே செய்ததா? என்ன ஆசனம், என்ன போல்ட் என்று பில்லில் எழுதித் தருவார்களா? முதல் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால், அந்தக் காரின் ஆசனத்தை விட்டுவிடுவதே நல்லது. கழற்றிய ஆசனத்தைப் பழைய சாமான் கடைக்குப் போடாமல் வைத்திருந்து, விற்கும்போது அதையே முறையாகத் திரும்பப் பொருத்தி விற்பது நாணயம்.

பழைய கார் வாங்குகிறவர் வர்ணத்தையும் டயரையும் மட்டும் பார்க்காமல், ஆசனத்தின் அடியிலும் குனிந்து பார்க்க வேண்டும். புது வெல்டிங் தெரிந்தால், மஞ்சள் இணைப்பான் தொங்கினால், கம்பியில் டேப் சுற்றியிருந்தால், அந்த நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற பட்டறையில் காட்டிய பின்னரே அட்வான்ஸ் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்பேனர் பிடிக்கும் தொழிலாளி. "நான் செய்யாவிட்டால் பக்கத்துக் கடைக்காரன் செய்துவிட்டுப் போகிறான், என் கூலிதான் போகும்" என்பது அவர் வாதம். அதில் உண்மை இல்லாமலில்லை. பிற மாநிலத்துக்கு வந்து, நாள் கூலியை நம்பி, ஊருக்குப் பணம் அனுப்புகிறவரிடம் முதலாளியை எதிர்த்து நில் என்று சொல்வது எளிது, நிற்பது கடினம். ஆகவே அந்தப் பொறுப்பை முதலில் ஏற்க வேண்டியவர் கடை முதலாளிதான். 'ஏர்பேக் விளக்கை அணைக்கும் வேலை இங்கு செய்யப்படமாட்டாது' என்று ஒரு பலகை எழுதி மாட்ட அவருக்கு என்ன செலவாகிவிடும்? அந்த வீதியில் பத்துக் கடைகள் அவ்வாறு செய்தால் பதினோராவது கடைக்காரருக்கும் துணிவு வராது.

எலெக்ட்ரீசியன் எர்த் கம்பி இல்லாமல் வீட்டுக்கு மின்சாரம் கொடுக்கமாட்டேன் என்றால் அவரை யாரும் குறை சொல்வதில்லை. கார் ஆசனம் பொருத்துபவரும் அந்த மரியாதைக்கு உரியவரே. "சீட்டை மாற்றித் தருகிறேன் சார், விளக்கை மட்டும் அணைக்கமாட்டேன்" என்று அவர் சொல்லும் நாளில், முகம் தெரியாத ஒரு குடும்பம் ஊர் போய்ச் சேரும்.